நீச்சல் தெரிஞ்சா போதுமா? கம்பம் பள்ளத்தாக்குக்கு ஏன் ‘தண்ணீர்ப் பாதுகாப்பு’ ஆசிரியர்கள் தேவை?

தேனி மாவட்டத்தில் தண்ணீர் செழிப்பான பகுதி எதுன்னு கேட்டா, எல்லோரும் கை காட்டுவது கம்பம் பள்ளத்தாக்கைத்தான். லோயர் கேம்ப்பில் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர்களை ஒட்டியே ஓடி வைகையில் சேர்கிறது முல்லைப் பெரியாறு. சுருளி, கும்பக்கரை, சின்னச்சுருளி என அருவிகள் ஒரு பக்கம். வைகை, சோத்துப்பாறை, மஞ்சளாறு, சண்முகாநதி என அணைகள் இன்னொரு பக்கம். இது போக கண்மாய்கள், வாய்க்கால்கள், தோட்டத்துக் கிணறுகள், பண்ணைக்குட்டைகள்.

இப்படிப்பட்ட ஊரில் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. 2019-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்த 10 வயதுச் சிறுவன் தேனியைச் சேர்ந்தவர்தான். ஆனாலும் பரீட்சை முடிந்து லீவு விட்டதும், ‘குளிக்கச் சென்ற மாணவர் நீரில் மூழ்கி பலி’ என்ற செய்தியை நாம் படிக்காத வருஷம் இல்லை. அதில் பல செய்திகளில் ‘நீச்சல் தெரிந்தும்’ என்ற வார்த்தையும் இருக்கும்.

அப்போ எங்கே இடிக்குது? நீந்தத் தெரிவது வேறு, தண்ணீரில் பத்திரமாக இருக்கத் தெரிவது வேறு, இந்த இரண்டையும் ஒரு குழந்தைக்குச் சொல்லித் தரத் தெரிவது அதைவிட வேறு. அந்த மூன்றாவது வேலைக்கு முறையான பயிற்சி இருக்கிறது. அது என்ன, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஏன் முக்கியம், அந்த வேலைக்கு நீங்கள் போகணும்னா என்ன செய்யணும்? விரிவாகப் பார்ப்போம்.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கும் மேல். காவல் நிலையத்துக்கு வந்த மரணங்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வரும் என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

நல்ல செய்தியும் உண்டு. 2000-ம் ஆண்டுடன் ஒப்பிட்டால் உலக அளவில் இந்த மரண விகிதம் 38 சதவீதம் குறைந்திருக்கிறது. அதாவது இது தலைவிதி இல்லை, தடுக்கக்கூடிய விஷயம். 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சலையும் தண்ணீர்ப் பாதுகாப்பையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. 2021-ல் ஐ.நா. பொதுச்சபை, ஜூலை 25-ம் தேதியை நீரில் மூழ்குதலைத் தடுப்பதற்கான உலக தினமாக அறிவித்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2023 டிசம்பரில் இதற்கென ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது.

திட்டமெல்லாம் சரி. கம்பத்தில் 7-ம் வகுப்பு படிக்கும் ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? அங்கேதான் ஆசிரியர் வருகிறார்.

நம்ம ஊர்த் தண்ணீர் ஏன் தனி ரகம்?

நீச்சல் குளத்துத் தண்ணீர் அசையாது, ஆழம் எழுதியிருக்கும், தரை தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் இந்த மூன்றுமே கிடையாது.

முதலில் ஆறு. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழகம் வருகிறது. பிறகு ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு ஆறாக ஓடுகிறது. அதாவது நம்ம ஊரில் மழையே இல்லாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் கூடலாம். மேலே எவ்வளவு திறக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்காக வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். மே மாதம் முழுக்க முழங்கால் அளவு தண்ணீரில் விளையாடிய பிள்ளைகளுக்கு, அதே படித்துறை ஒரே வாரத்தில் வேறு இடமாகிவிடும்.

‘விநாடிக்கு 1,000 கனஅடி’ என்று தினமும் செய்தியில் படிக்கிறோமே, அது எவ்வளவு? ஒரு கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். அப்போ 1,000 கனஅடி என்பது விநாடிக்கு 28,300 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டை, ஒவ்வொரு விநாடியும் உங்கள் மேல் கவிழ்ப்பதற்கும் மேல். இன்னொரு கணக்கும் இருக்கு: ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று இறங்குபவரைக் கவிழ்ப்பது ஆழம் இல்லை, இந்த விசைதான்.

அடுத்து கசம். வெளியிலிருந்து பார்த்தால் ஆறு ஒரே சீராகத் தெரியும். மணல் அரித்த இடத்திலோ பாறை இடுக்கிலோ திடீரென்று ஆள் ஆழப் பள்ளம் இருக்கும். தடுப்பணையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் விழுந்து சுழலும் இடமும் இதே வகைதான். நல்ல நீச்சல்காரரையும் அந்தச் சுழல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும்.

அருவியில் கதையே வேறு. கும்பக்கரைக்குத் தண்ணீர் வருவது கொடைக்கானல், வட்டக்கானல் மலைப்பகுதியிலிருந்து. பெரியகுளத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டும். சற்று நேரத்தில் அருவி நிறம் மாறும். வனத்துறை குளிக்கத் தடை போடுவது இதற்காகத்தான். சுருளிக்கு மேகமலைப் பக்கத்து மழை அப்படி.

கடைசியாக, நாம் அதிகம் பேசாத ஒன்று: பண்ணைக்குட்டை. திராட்சை, வாழைத் தோட்டங்களில் பாலித்தீன் விரித்து வெட்டிய குட்டைகளின் ஓரம் நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். உள்ளே விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்தாலும் பிடித்து ஏறப் பிடிமானம் இருக்காது. நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டித் தொங்கவிடுவது மிக எளிய, செலவில்லாத தீர்வு. இதைச் சொல்லித் தருவதும் நீச்சல் ஆசிரியரின் பாடத்தில் வர வேண்டும்.

கிணத்துல கத்துக்கிட்டா போதாதா?

தேனிப் பக்கம் பெரும்பாலானவர்களின் நீச்சல் கதை ஒன்றுதான். மாமாவோ சித்தப்பாவோ இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி, கிணற்றில் தள்ளிவிடுவார். நாலு வாய் தண்ணீர் குடித்து, கை கால் அடித்து, ஒரு வாரத்தில் மிதக்க ஆரம்பித்துவிடுவோம். டயர் ட்யூப் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இந்த முறையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கானவர்களை மிதக்க வைத்தது இதுதான். கயிறு, மிதவை, பக்கத்திலேயே ஒரு பெரியவர் என்ற மூன்றுமே இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கும் பொருந்துபவை. ஆனால் ஓட்டைகளும் இருக்கின்றன.

கிணற்றில் ஆழம் படிப்படியாகக் கூடாது. முதல் அடியே ஆழம்தான். பயந்த குழந்தை வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை வெறுத்துவிடும். கிணற்றில் நீரோட்டம் கிடையாது என்பதால், அங்கே கற்றவருக்கு ஆற்றைப் படிக்கத் தெரியாது. மின்மோட்டார் ஓடும் கிணற்றில் மின்கசிவு அபாயம் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியமாக, இந்த வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டது பெரும்பாலும் ஆண் பிள்ளைகள்தான். வயசுக்கு வந்ததும் பெண் பிள்ளைகளின் நீச்சல் நின்றுபோனது. விளைவு, தம்பி விழுந்தால் கரையில் நிற்கும் அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியாது. பதறிப்போய் அவளும் குதித்துவிடுவாள். ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து இறக்கும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் குதிப்புதான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், மோட்டார் பாசனமும் போர்வெல்லும் வந்த பிறகு பல கிணறுகள் வற்றிவிட்டன, மூடப்பட்டுவிட்டன. மாமாவும் வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டார். பழைய வகுப்பறை போய்விட்டது, புது வகுப்பறை இன்னும் எல்லோருக்கும் வரவில்லை. ஆபத்து இந்த இடைவெளியில்தான்.

கோச், லைஃப்கார்டு, டீச்சர்: மூணும் ஒண்ணா?

இல்லை. வேலை தேடுபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

கோச்: ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவரை வேகமாக நீந்த வைப்பவர். ஸ்டாப்வாட்ச், பதக்கம், ஸ்ட்ரோக் திருத்தம் எல்லாம் இவர் உலகம்.

லைஃப்கார்டு: மற்றவர்கள் நீந்தும்போது கண்காணித்து, ஆபத்து என்றால் காப்பாற்றி, முதலுதவி செய்பவர். இவர் வகுப்பு எடுக்க மாட்டார். எடுத்தால் கண்காணிப்பு போய்விடும்.

நீச்சல் மற்றும் தண்ணீர்ப் பாதுகாப்பு ஆசிரியர்: தண்ணீரைப் பார்த்தாலே அழும் 6 வயதுக் குழந்தையை மிதக்க வைத்து, ‘எங்கே இறங்கக் கூடாது’ என்பதையும் சொல்லித் தருபவர்.

நம் நாட்டில் முதல் இரண்டு வேலைகளுக்கும் பெயர் பெற்ற பயிற்சி நிலையங்கள் உண்டு. மூன்றாவது வேலையைப் பலர் இந்த இரண்டில் ஒன்றைப் படித்துவிட்டு அனுபவத்தில் செய்கிறார்கள். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி, நாடு முழுக்கச் செல்லும் ஒற்றை உரிமம் நீச்சல் ஆசிரியருக்கு இங்கே கிடையாது.

ஆஸ்திரேலியாவில் இதைத் தனித் தொழிலாகவே பார்க்கிறார்கள். 1979-ல் தொடங்கிய ஆஸ்ட்ஸ்விம் என்ற அமைப்பு ‘நீச்சல் மற்றும் தண்ணீர்ப் பாதுகாப்பு ஆசிரியர்’ என்றே உரிமம் தருகிறது. அமெரிக்க ரெட் கிராஸில் ‘வாட்டர் சேஃப்டி இன்ஸ்ட்ரக்டர்’ என்று தனிப் பயிற்சி இருக்கிறது.

பயிற்சியில் என்ன சொல்லித் தருவாங்க?

அமைப்புக்கு அமைப்பு பாடம் மாறும். ஆனால் அடிப்படை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1. வரிசை: எதற்குப் பின் எது என்பது. தண்ணீரில் இறங்குவது, முகத்தை நனைப்பது, வாயால் குமிழி விடுவது, மிதப்பது, மிதந்தபடி வழுக்கிச் செல்வது, கால் அடிப்பது, அதன் பிறகுதான் கை. நம் ஊரில் முதல் நாளே ‘கையைப் போடு, கையைப் போடு’ என்கிறோம். மூச்சு பிடிபடாதவருக்குக் கை போட்டுப் பயனில்லை.

2. தப்பிக்கும் திறன்: மல்லாக்க மிதப்பது, நின்ற இடத்திலேயே தலையை மேலே வைத்திருப்பது, குப்புற இருந்து மல்லாக்கத் திரும்புவது, போட்டிருக்கும் துணியோடு நீந்துவது. யாரும் நீச்சல் உடையோடு வாய்க்காலில் தவறி விழுவதில்லையே!

3. நிற்கும் இடம்: வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் எந்தக் குழந்தைக்கும் முதுகு காட்டக் கூடாது. ஒருவருக்குத் திருத்தம் சொல்லும்போதும் மற்றவர்கள் கண்ணில் இருக்கணும். தலை எண்ணிக்கையை அடிக்கடி சரிபார்ப்பது பழக்கமாகவே மாற வேண்டும்.

4. மூழ்குபவரை அடையாளம் காண்பது: சினிமாவில் வருவது போல மூழ்குபவர் ‘காப்பாத்துங்க’ என்று கத்த மாட்டார். மூச்சு விடவே போராடுபவருக்குக் கத்த மூச்சு எங்கிருந்து வரும்? கையை ஆட்டவும் முடியாது. வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், உடம்பு நெட்டுக்குத்தலாக இருக்கும், கால் அசையாது. 20 முதல் 60 விநாடிக்குள் மூழ்கிவிடலாம். பக்கத்தில் இருப்பவர்கள் ‘விளையாடுறான்’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

5. மீட்பு, முதலுதவி: இது இல்லாமல் எந்த நல்ல சான்றிதழும் கிடையாது. குறிப்பிட்ட தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்தில் நீந்துவது, மூழ்கிய பொருளை எடுத்து வருவது, பொம்மை உடம்பில் சிபிஆர் செய்து காட்டுவது என்று நேரடித் தேர்வு இருக்கும்.

6. உள்ளூர்த் தண்ணீர்ப் பாடம்: வெளிநாட்டுப் புத்தகத்தில் கடல் அலை பற்றி இருக்கும். தேனியில் அந்தப் பக்கத்தில் அணை நீர்மட்டம் இருக்கணும். உதாரணமாக, 71 அடி உயரத்துக்குத் தேக்கும் வைகை அணையில், நீர்மட்டம் 66 அடி வந்ததும் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இந்தச் செய்தியைப் படித்தால் அன்றைக்கு அணைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு மாணவருக்குத் தோன்ற வைப்பதும் நீச்சல் வகுப்புதான்.

‘ஸ்பெஷல்’ ஆசிரியர் என்றால்?

அடிப்படைச் சான்றிதழுக்கு மேல் சிறப்புப் பயிற்சிகள் உண்டு. ஆஸ்ட்ஸ்விம்மில் கைக்குழந்தைகள் மற்றும் சிறு குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெரியவர்கள், போட்டி நீச்சலுக்குத் தயாராகுபவர்கள் என ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி.

இது ஏன் தேவை? காது கேளாத குழந்தைக்கு விசில் பயன்படாது, கை ஜாடையை முன்பே பேசி வைக்கணும். பார்வை இல்லாதவருக்குத் தொட்டுக் காட்டியே கற்பிக்கணும், குளத்தின் விளிம்பை முதலில் பழக்கணும். வலிப்பு வரும் குழந்தைக்கு மருத்துவரின் ஆலோசனையும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் ஒரு ஆளும் தேவை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு அதிகம். அவர்கள் நீரில் மூழ்கும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் நீச்சல் முதலில் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். ஆனால் ‘எதுக்கு ரிஸ்க்’ என்று முதலில் ஒதுக்கப்படுவதும் இவர்களைத்தான்.

பெண் ஆசிரியர்களின் தேவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பொண்ணுங்களுக்குத் தனி பேட்ச், லேடி டீச்சர் இருக்காங்களா?’ என்பதுதான் பல பெற்றோரின் முதல் கேள்வி. ஒரு ஊரில் பயிற்சி பெற்ற ஒரு பெண் இருந்தால், அந்த ஊரின் பாதிப் பேருக்குக் கதவு திறக்கும்.

குளமே இல்லாத ஊரில் எப்படி?

‘எங்க ஊர்ல ஸ்விம்மிங் பூலே இல்லையே, டீச்சர் வந்து என்ன பண்ண?’ நியாயமான கேள்வி. பதில் வங்கதேசத்தில் இருக்கிறது. அங்கே 2006-ல் தொடங்கிய ‘ஸ்விம்சேஃப்’ திட்டத்தில் புதுக் குளம் கட்டவில்லை. ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் அமைத்து, குழந்தையின் மார்பளவுத் தண்ணீரில் வகுப்பு நடத்தினார்கள். வெளியூர் நிபுணர்களை நம்பாமல், அந்தந்த ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக்கினார்கள். 25 மீட்டர் நீந்துவது, 30 விநாடி மிதப்பது, கரையிலிருந்தபடி இன்னொருவரைக் காப்பாற்றுவது. பாஸ் ஆக இவ்வளவுதான். 2012-ல் வெளியான ஆய்வின்படி, பயிற்சி பெற்ற 4 முதல் 12 வயதுக் குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் மரணம், பயிற்சி பெறாதவர்களைவிட 90 சதவீதத்துக்கும் மேல் குறைவு.

அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது டைல்ஸ் போட்ட குளம் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள். நீரோட்டமில்லாத, ஆழம் அளந்த, தடுப்பு அமைத்த ஒரு ஊருணி, கூடவே ஊராட்சியின் ஒப்புதல். இதில் எது கம்பம் பள்ளத்தாக்கில் சாத்தியமில்லாதது?

சரி, நான் ஆசிரியர் ஆகணும். எங்கே தொடங்குவது?

படி 1: முதலில் உங்கள் நீச்சலைச் சரிசெய்யுங்கள். கிணற்றில் கற்றவர்கள் பலர் தலையை வெளியே வைத்தே நீந்துவார்கள். தேனியில் மாவட்ட விளையாட்டு அரங்கில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் இருக்கிறது. கோடையில் பேட்ச் பேட்ச்சாக ‘நீச்சல் கற்போம்’ வகுப்புகள் நடக்கும். அங்கே ஸ்ட்ரோக்குகளை முறையாகக் கற்றுக்கொள்ளலாம்.

படி 2: உயிர்காக்கும் பயிற்சி. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் கோவாவில் இயங்கும் தேசிய நீர் விளையாட்டுகள் நிறுவனம் ஆகியவை லைஃப்கார்டு பயிற்சிகள் நடத்துகின்றன.

படி 3: பயிற்றுநர் தகுதி. 1961-ல் தொடங்கப்பட்ட பாட்டியாலாவின் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தை, ‘என்ஐஎஸ்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே டிப்ளமோவும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. எந்த மையத்தில், எந்த விளையாட்டுக்கு, என்ன தகுதி என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளணும். இது போட்டிப் பயிற்சி சார்ந்தது என்பதால், குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கும்.

படி 4: அனுபவம். ஒரு மூத்த பயிற்றுநருக்கு உதவியாளராகக் குறைந்தது ஒரு கோடை சீசன் முழுக்க நில்லுங்கள். பயந்த குழந்தையைக் கையாள்வதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

வேலைவாய்ப்பு? பள்ளிகள், பெருநகர அபார்ட்மென்ட் குளங்கள், பக்கத்திலேயே மூணாறு, தேக்கடி, கொடைக்கானல் ரிசார்ட்டுகள் என வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பல இடங்களில் இது சீசன் வேலை. ஆசிரியர், லைஃப்கார்டு இரண்டு தகுதியும் சேர்ந்திருந்தால் ஆண்டு முழுக்க வேலை கிடைப்பது எளிது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

• சான்றிதழ் தருவது எந்த அமைப்பு? அதை வேலை கொடுப்பவர்கள் ஏற்கிறார்களா?
• தண்ணீருக்குள் எத்தனை மணி நேரப் பயிற்சி?
• நிஜக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்க வைத்து மதிப்பிடுவார்களா?
• பொம்மையில் சிபிஆர் செய்முறைத் தேர்வு உண்டா?
• எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்?

முழுக்க ஆன்லைனில், தண்ணீரில் கால் வைக்காமலேயே சான்றிதழ் தருகிறோம் என்றால், யோசிக்காமல் அடுத்த டேப்புக்குப் போய்விடுங்கள்.

ஆசிரியர் ஆகாவிட்டாலும் இது தெரிஞ்சிருக்கணும்

ஒருவர் மூழ்குவதைப் பார்த்தால் குதிக்காதீர்கள். முதலில் சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். எட்டும் தூரம் என்றால் தரையில் படுத்தபடி கம்பையோ துண்டையோ சேலையையோ நீட்டுங்கள். எட்டாத தூரம் என்றால் மூடிய காலி கேன், ட்யூப், கயிறு எதையாவது வீசுங்கள். 108-க்கு அழையுங்கள், தீயணைப்பு மீட்புக் குழுவுக்கு 112.

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். பொன்னான நிமிடங்கள் அதில்தான் போகின்றன. வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாயையும் அடைக்கலாம். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே சிபிஆர். நீரில் மூழ்கியவருக்குத் தேவை ஆக்ஸிஜன் என்பதால், பயிற்சி பெற்றவர்கள் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துவிட்டுத்தான் நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள். 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில், ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகணும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டலாம்.

இதைப் படிக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். கை பழக ஒரு நாள் பயிற்சியாவது வேணும். சொல்லித் தர, முறையாகப் படித்த ஒருவர் வேணும். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றில் இறங்கும் கூட்டத்தையும், ஜூன் மாதத் தண்ணீர் திறப்பையும் நம்மால் தள்ளிப்போட முடியாது. அதற்குள் ஊருக்கு ஒரு ஆசிரியரைத் தயார் செய்ய முடியும்.